வளர்ச்சி இல்லை

செய்தி வந்தது காலை ஐந்து ஐம்பதுக்கு. அந்த நேரத்தில் அவள் மகளைச் சமையல் மேடைமேல் உட்கார வைத்து, தேக்கரண்டியின் பின்பக்கத்தால் அவள் நாக்கை வழித்துக்கொண்டிருந்தாள். பத்தரை மணிக்குப் பிள்ளையை டாக்டரிடம் காட்ட வேண்டும். ஏழு வயசுப் பிள்ளையின் நாக்கில் இரண்டு மாதமாகத் தயிர் காய்ந்து ஒட்டினாற்போல ஒரு வெள்ளைப் படிவு. வழித்தால் போகும், மூன்று நாளில் திரும்பி வந்து உட்காரும். அக்காவுக்கும் நாக்கில்தான் ஆரம்பித்தது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அது நினைவுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போனில் பேசியது வார்டு நர்ஸ். "உங்க அக்கா அஞ்சு இருபதுக்குப் போயிட்டாங்கம்மா. வந்துடுங்க."

மகள் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள். மூடச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகுதான் கணவனை எழுப்பினாள்.

அக்கா அந்த ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்த்தாள். நோயாளியாகப் போய்ப் படுத்தது கடைசிப் பத்தொன்பது நாள் மட்டும். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் சலவைப் பிரிவு. கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தலைக்கு மேலே நீராவிக் குழாய்கள் ஓடும் நீளமான அறை. ஒரு கதவு வழியாக அழுக்குத் துணி வரும், எதிர்க் கதவு வழியாக மடித்த துணி போகும். இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தினால் மேற்பார்வையாளர் காதைத் திருகாத குறைதான். நடுவில் மூன்று ராட்சத இயந்திரங்கள், அதற்கப்பால் விரிப்பை உள்ளே வாங்கி இஸ்திரி போட்டு வெளியே தள்ளும் சூடான உருளை. உருளைக்கு விரிப்பைக் கொடுக்க இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கொரு முனை. அக்காவுக்கு எதிர் முனையைப் பிடித்தவளும் இருபத்திரண்டு வருஷம் அதே ஆள்தான். அவளை எல்லாரும் எதிர்முனை என்றே கூப்பிட்டார்கள். அக்காவுக்கு இட்ட பெயர் க்ளவுஸ்.

பெயருக்குக் காரணம் கையுறை. வெள்ளைப் பருத்தியில், மணிக்கட்டு வரை. உருளையின் சூட்டிலும் அதைக் கழற்ற மாட்டாள், சாப்பிடும்போது கரண்டி பிடிக்கிற கையிலும் இருக்கும். நகைக்கடையில் வைரம் எடுத்துக் காட்டுகிறவள் வழி தவறிக் கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டாள் என்று எதிர்முனை கேலி செய்வாளாம். கழற்றினால் கேலி நின்றுபோகும் என்பது அக்காவுக்குத் தெரியும். பத்து விரலில் ஏழின் நகம் மஞ்சளாகத் தடித்து, ஓரம் உதிர்ந்து, பழைய மரப்பட்டை மாதிரி இருக்கும். வாயின் இரண்டு கடையும் வெடித்து ஆறி, ஆறி வெடிக்கும்.

இது பிறந்து மூன்றாம் வருஷத்திலிருந்து இருந்தது. வீட்டில் இதற்கு நோய் என்று பெயரே கிடையாது. சுத்தம் பத்தாது என்றுதான் பெயர். அம்மா கெட்டவள் அல்ல. தனக்குத் தெரிந்த ஒரே மருந்தைக் கொடுத்தாள், சோப்பு. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கை கழுவச் சொல்வாள், கழுவியதா என்று மோந்து பார்ப்பாள். அக்காவுக்குத் தனித் துண்டு, தனிச் சீப்பு, விளிம்பு நசுங்கிய தனி டம்ளர். எட்டு வயசு இளையவளான தங்கைக்கு இதெல்லாம் கேள்வி கேட்காமல் பழகிப்போனது. யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் டம்ளரின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் குடிக்கும் வழக்கம் அவளுக்கு அப்படித்தான் வந்தது. அக்காவுக்கு இரண்டு இடத்தில் கல்யாணப் பேச்சு எழுந்து, கையைப் பார்த்ததும் அடங்கியது. மூன்றாவதாக ஓர் இடம் வந்தபோது அக்கா தானே வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் சலவைக்கு வேலைக்குப் போனாள். நாள் முழுக்கச் சோப்பிலும் வெந்நீரிலும் நின்றால் யார் என்ன சொல்ல முடியும்.

ஆச்சரியம், மற்றபடி அவளுக்கு ஒன்றும் வராது. ஊரே காய்ச்சலில் படுத்த வருஷத்தில்கூட அவள் ஒரு நாள் விடுப்பு எடுக்கவில்லை. உருளையில் கை பட்டுப் புண்ணானால் ஐந்தாம் நாள் ஆறிவிடும். இரும்பு உடம்பு, நகம் மட்டும் துருப்பிடிச்சது என்று அவளே சொல்லுவாள்.

தங்கை கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். மூக்குக் கண்ணாடிச் சட்டத்துக்குத் தக்கபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவள் பொறுப்பு. விரல்ரேகை ஒன்று பட்டாலும் மறுபடி துடைக்க வேண்டிய தொழில். மகள் பிறந்து, அக்கா ஞாயிறுதோறும் வர ஆரம்பித்த பிறகு, நசுங்கிய டம்ளரும் அந்த வீட்டுக்குக் குடிவந்தது. நாலு வயசில் மகள் ஒரு நாள் பெரியம்மா டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டாள். தங்கை டம்ளரைப் பிடுங்கி, பிள்ளையின் வாயைப் பிளந்து, சோப்புத் தொட்ட விரலால் உள்ளே தேய்த்தாள். பிள்ளை வாந்தி எடுத்தது. அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை.

"தொட்டா ஒட்டாதுடி," என்றாள். "ஒட்டறதா இருந்தா இத்தனை வருஷத்துல உனக்குத்தான் முதல்ல ஒட்டியிருக்கணும். ஒரே போர்வையில படுத்தவ நீ."

அதற்குப் பிறகும் அக்கா ஞாயிறு வந்தாள். டம்ளரை மட்டும் தன் பையிலேயே கொண்டுவந்து கொண்டுபோனாள்.

டாக்டரிடம் காட்டவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு இலவசம் என்பதால் பன்னிரண்டு வருஷத்தில் ஆறு முறை தோல் பிரிவுக்குப் போயிருக்கிறாள். ஆறு முறையும் நகத்தைச் சுரண்டி லேபுக்கு அனுப்பினார்கள். ஆறு முறையும் ஒரே ரிப்போர்ட்: வளர்ச்சி இல்லை. பூஞ்சை இருந்தால் சுரண்டியது தட்டில் வளர வேண்டும்; வளரவில்லை, ஆகவே பூஞ்சை இல்லை. சலவை மருந்தில் நகம் கெட்டிருக்கிறது, கையுறை போடுங்கள் என்று எழுதிக் களிம்பு கொடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே போட்டிருந்த கையுறைக்கு அது ஒரு சாக்காயிற்று.

ஏழாவது முறை, போன வருஷம், லேபில் ஆள் மாறியிருந்தார். ஐம்பது வயசுக்காரர், சிரிக்காத முகம், சட்டைப் பையில் நாலு பேனா. பூஞ்சைத் தட்டுகளோடு மட்டும் பேசுகிற மனுஷர் என்று பெயரெடுத்தவர். தோல் பிரிவிலிருந்து சுரண்டி வருவதை நம்பாமல் தானே சுரண்டுவார். அன்றைக்குத் துணைக்குப் போயிருந்தது தங்கை. அவர் அக்காவின் கையைப் பிடித்துத் தூக்கினார், சுரண்டவில்லை. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். அம்மா மோந்த மாதிரியே இருந்தது என்று அக்கா பிற்பாடு சொன்னாள்.

"என்னம்மா இது, பிளீச்சா?"

நகம் சதையோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. விரல் நுனி வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"எப்பத்திலேர்ந்து?"

"டாக்டர்கிட்ட வர்றதுக்கு முந்தின நாள் கொஞ்ச நேரம் ஊற வைப்பேன். காலையில ஒரு தடவை," என்றாள் அக்கா. "அவங்க பிடிச்சுப் பாக்கற கை. அப்படியே எப்படி நீட்டறது?"

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஆமா."

லேபுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் என்ன உங்களைப் பெண் கேட்டா வந்திருக்கேன்? இங்க வர்றவங்க எனக்குக் கொண்டுவர வேண்டியது அழுக்குதாம்மா. அதை வீட்டுல விட்டுட்டு வெறுங்கையை நீட்டினா நான் எதை வளக்கறது? பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க. நகம் வெட்டாதீங்க, பிளீச் பக்கமே போகாதீங்க."

தங்கை அப்போது பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். சலவையில் பூஞ்சையைக் கொல்ல எவ்வளவு பிளீச், எத்தனை நிமிஷம் என்று அளந்து போடுகிறவள் அக்கா. அந்த வேலையைத் தன் நகத்திலும் பிசகில்லாமல் செய்து, பன்னிரண்டு வருஷம் பொய் ரிப்போர்ட் வாங்கியிருக்கிறாள். மேலே இருந்தது செத்தது, நகத்தின் அடியில் இருந்தது பிழைத்தது. யாரும் பொய் சொல்லவில்லை.

பதினைந்து நாள் கழித்துச் சுரண்டியது மூன்றாம் நாளே தட்டில் வெண்ணெய்ப் பொட்டுப் பொட்டாக எழும்பியது. கேண்டிடா என்னும் பூஞ்சை என்று எழுதினார். எழுதியதோடு நிற்காமல், சர்க்கரை நோய் இல்லாத, காய்ச்சலே வராத ஒருத்திக்கு மூணு வயசிலிருந்து இது ஏன் என்று கேட்டு, நோய் எதிர்ப்புப் பிரிவு டாக்டரம்மாவுக்கு ஒரு துண்டுச் சீட்டும் அனுப்பினார்.

டாக்டரம்மா நாலு குழாய் ரத்தம் எடுத்து, ஆறு வாரம் கழித்துக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். அன்று கேட்டதைத் தங்கை அப்படியே நினைவு வைத்திருக்கிறாள்.

இந்தப் பூஞ்சை எங்கிருந்தும் வந்து ஒட்டியதல்ல என்றார். பெரும்பாலான மனிதர் வாயிலும் குடலிலும் இருப்பதுதான், இதோ என் வாயிலும் இருக்கலாம், இந்தப் பெண் வாயிலும் இருக்கலாம் என்று தங்கையைக் காட்டினார். மற்றவர்களிடம் அது வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிறது, ஏனென்றால் ரத்தத்து வெள்ளை அணுக்கள் அதை அடையாளம் கண்டுகொள்கின்றன. அணுவின் மேல்தோலில் ஆயிரக்கணக்கான கைகள். ஒவ்வொரு கைக்கும் ஒரே ஒரு பொருளைத்தான் தெரியும். டெக்டின் என்று ஒரு கை. பூஞ்சையின் சுவர் ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலியால் கட்டியது, அந்தச் சர்க்கரை நம் உடம்பில் எங்கும் கிடையாது. டெக்டினுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பூஞ்சையும் லேசுப்பட்டதல்ல, சர்க்கரையை மேலே வேறு போர்வை போட்டு மூடி வைத்திருக்கும். ஆனால் மொட்டு விட்டுக் குட்டி பிரியும்போது அந்த இடத்தில் ஒரு தழும்பு விழும். அங்கே போர்வை கிழிந்திருக்கும். கை அதைத் தடவிப் பிடித்துவிடும்.

"அப்ப எனக்கு அந்தக் கை இல்லையா?" என்று அக்கா கேட்டாள்.

"கை இருக்கு. நல்லாவே பிடிக்குது. பிடிச்ச உடனே உள்ள ஒருத்தர் சேதியை எடுத்துட்டு ஓடணும். பூஞ்சை வந்திருக்கு, ஆளுங்களை அனுப்புன்னு. அந்த ஆள் உங்க உடம்புல பிறவியிலேயே வேலைக்கு வரல. வாசல்ல காவல்காரர் திருடனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறார், ஸ்டேஷன்ல போன் எடுக்க ஆளில்லை."

"மத்த காய்ச்சல் எதுவும் வரதில்லையே."

"மத்த கிருமிக்கு வேற கை, வேற ஆள். அவங்கல்லாம் ஒழுங்கா வேலைக்கு வராங்க. இது ஒண்ணுதான்." பிறகு அக்காவின் கையுறையைப் பார்த்து, "நீங்க கழுவினது பத்தாம வந்ததில்லைம்மா இது. கழுவிப் போகவும் போகாது," என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்கா, "அம்மா இருந்திருக்கணும்," என்றாள். அவ்வளவுதான்.

மாத்திரை ஆரம்பித்தார்கள். நாலாவது மாதம் நகத்தின் அடியில் பிறைபோல ரோஜா நிறம் தெரிந்தது. ஒரு நாள் கையுறை இல்லாமல் உருளைக்கு வந்து நின்றாளாம். அதைச் சாவு வீட்டில் எதிர்முனைதான் சொன்னாள். "அன்னிக்குத்தான், தங்கச்சி, அவ விரலையே நான் முதல்ல பாத்தேன். கிண்டல் பண்ண வாய் வந்துச்சு, விட்டுட்டேன். விரிப்பைச் சுருக்கில்லாம பிடிச்சா அன்னிக்கு, அவ்வளவு கர்வம்." சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

ஆனால் அக்கா ஒன்றை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு வருஷமாகத் தலைவலி. உருளைச் சூடு என்று நினைத்து, ஈரத்துணி போட்டுக்கொண்டு வேலை பார்த்திருக்கிறாள். நகத்திலும் வாயிலும் இருந்தது எப்போதோ ரத்தத்தோடு ஏறித் தலைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. வாய்க்கும் நகத்துக்கும் கொடுத்த மாத்திரை அதற்குப் பற்றவில்லை. வேலையிடத்தில் மயங்கி விழுந்து மேலே வார்டுக்கு ஏற்றினார்கள். அவள் மடித்த விரிப்பில்தான் படுத்திருந்தாள். மடிப்பைப் பார்த்து, இது என் கை இல்லை, புதுசா வந்தவ கை என்று நர்ஸிடம் குறை சொன்னாள். நரம்பு வழியாக வேறு பலத்த மருந்து கொடுத்தார்கள். பத்தொன்பதாம் நாள் போய்விட்டாள். நாற்பத்தாறு வயசு. முதல் ரிப்போர்ட்டிலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று தங்கை கேட்டதற்கு, இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

மகளின் நாக்கு அப்படியே இருந்தது. காரியங்கள் முடிந்து பதினோராம் நாள் அவள் பிள்ளையை அழைத்துக்கொண்டு லேபுக்குப் போனாள். அன்று காலையும் கரண்டி கைக்கு வந்துவிட்டது. எடுத்தாள், வழித்தாள், பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டாள். லேபுக்காரர் குழந்தையை வாய் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, பஞ்சுக் குச்சியை எடுத்தவர் அப்படியே கீழே வைத்தார். நாக்கு ரத்தச் சிவப்பாகப் பளபளத்தது.

"நீங்களுமா?" என்றார்.

அவள் அங்கே முதல்முறையாக அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை அவர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். வழிக்கக் கூடாது, அன்று காலை பல் விளக்கவும் வேண்டாம்.

அந்த ஒரு வாரம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பிள்ளை பேசும்போதெல்லாம் வெள்ளை தெரிந்தது. பள்ளிக்கூட வாசலில் இன்னொரு குழந்தையின் அம்மா எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. வீட்டில் கரண்டிகளையெல்லாம் கணவனிடம் கொடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைக்கச் சொன்னாள். சோற்றைச் சட்டியிலிருந்து கையாலேயே அள்ளிப் போட்டுக்கொண்டே அவன், நல்லவேளை கத்தியால வழிக்கலை என்றான். வீட்டில் யாராவது ஒருத்தர் சிரிக்க வேண்டும் என்று அவனுக்கு. மகளுக்குத்தான் சந்தோஷம். "பல்லு விளக்க வேண்டாம்னு டாக்டரே சொன்னாங்களா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

எட்டாம் நாள் பஞ்சுக் குச்சியில் தாராளமாகவே வந்தது. அதே நாள் பிள்ளையிடம் இரண்டு குழாய் ரத்தமும், அவளிடம் ஒரு குழாயும் எடுத்தார்கள். என்ன செய்யப் போகிறார்கள் என்று லேபுக்காரர் சொன்னார். பிள்ளையின் வெள்ளை அணுக்களைப் பிரித்து, அவற்றோடு பூஞ்சையைக் கலந்து ஒரு ராத்திரி வைப்பார்கள். கை பிடித்து, சேதி உள்ளே போயிருந்தால், ஆளைக் கூப்பிடும் பொருளை அணுக்கள் சுரந்திருக்கும், அதை அளந்துவிடலாம். அக்காவின் அணுக்களை வைத்துச் செய்தபோது ஒன்றுமே சுரக்கவில்லை. கலப்பதற்கு எந்தப் பூஞ்சை என்று அவள் கேட்டாள்.

"உங்க அக்காவோடதுதான். அவங்க நகத்துலேர்ந்து வளத்தது. செத்துப்போனதை வெச்சுத்தான் பண்ணுவோம், பயப்படாதீங்க," என்றார். வேண்டுமானால் பாருங்கள் என்று மைக்ரோஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். லென்ஸ் அவளுக்குப் புதுசல்ல. குவியத்தைத் தானே சரிசெய்துகொண்டாள். முட்டை முட்டையாக உருண்டைகள். சிலவற்றின் தோளில் சின்ன உருண்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா சொன்ன தழும்பைத் தேடினாள், தெரியவில்லை. இதில் தெரியாது, அதற்கு வேறு பெரிய கருவி வேண்டும் என்றார் அவர்.

முடிவு வர மூன்று வாரம் என்றார்கள், நாலரை ஆயிற்று. அந்த நாட்களில் அவள் கடையில் இரண்டு லென்ஸை அளவு தவறித் தேய்த்தாள்.

டாக்டரம்மா மேஜையில் தாளைத் திருப்பி வைத்துப் பேனாவால் தொட்டுக் காட்டினார். அக்காவின் அணுக்களுக்கு நேராக ஏறக்குறைய பூஜ்யம். பிள்ளையின் அணுக்களுக்கு நேராக நல்ல பெரிய எண்.

"பிடிச்சுது, சேதியும் போயிருக்கு. உங்க பொண்ணுக்கு இது இல்லை."

"அப்ப நாக்கு?"

மூச்சிரைப்புக்காக ஏதாவது மருந்து இழுக்கிறாளா என்று டாக்டரம்மா கேட்டார். ஆமாம், ஐந்து மாதமாக, காலையும் மாலையும். இழுத்ததும் வாய் கொப்பளிக்கச் சொன்னார்களா? சொன்னார்கள் என்றுதான் அவளுக்கு ஞாபகம். பள்ளிக்கூட அவசரத்தில் பிள்ளை இழுத்துவிட்டு ஓடிவிடுவாள். அந்த மருந்து வாயில் தங்கினால் அங்கேயிருக்கும் காவலை மந்தமாக்கும், பூஞ்சை தலையெடுக்கும். கொப்பளிக்க வேண்டும், பத்து நாள் சொட்டு மருந்து விட வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொன்னார். அக்கா தங்கை இருவரின் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். சேதி எடுத்துக்கொண்டு ஓடும் அந்த ஆளை உருவாக்கும் குறிப்பு ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி இருக்கும். அப்பாவிடம் ஒன்று பழுது, அம்மாவிடமும் அதே ஒன்று பழுது. அக்காவுக்கு இரண்டும் பழுதாக வந்து சேர்ந்தது. தங்கைக்கு ஒன்று பழுது, ஒன்று நல்லது, அந்த ஒன்றே போதும். மகளுக்கும் அவளைப் போலவே.

"எனக்கும் இருக்கா?" என்று கேட்டாள்.

"பாதி இருக்கு. நோய் இல்லை."

ஒரே போர்வையில் படுத்ததை அவள் டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை.

படிக்கட்டில் இறங்கும்போது லேபுக்காரர் பின்னாலேயே வந்து கூப்பிட்டார். பிள்ளையின் ரிப்போர்ட் தெரியும் போலிருக்கிறது, அதைப் பற்றிக் கேட்கவில்லை. கையில் ஒரு படிவம். அக்காவின் நகத்துப் பூஞ்சை ஒரு குழாயில் குளிரில் இருக்கிறது, மாதம் ஒருமுறை புதுக் குழாய்க்கு மாற்றித் தீனி போட்டு வருகிறார். இந்த மாதிரி நோயாளியின் பூஞ்சை அபூர்வம், வைத்துக்கொண்டால் இன்னும் சில பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதிக்க உதவும். ஆனால் ஆள் இறந்துவிட்டால் நெருங்கிய சொந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்டம், அழித்துவிடலாம் என்று ஒரு கட்டம்.

"அவளைக் கொன்னது இன்னும் உயிரோட இருக்கா?"

"இருக்கும்மா. நல்லா வளருது," என்றார் அவர். சொன்ன பிறகு சங்கடப்பட்டு, அவசரமில்லை, நிதானமாகக் கொடுங்கள் என்றார்.

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. மகளின் நாக்கு சுத்தமாக இருக்கிறது, காலையும் மாலையும் அவள் கொப்பளித்துத் துப்புவது பக்கத்து வீடு வரை கேட்கிறது. லேபுக்காரர் இந்த மாதமும் குழாயை மாற்றியிருக்கிறார். படிவத்தில் அக்காவின் பெயரும் வேலை எண்ணும் நிரப்பியாகிவிட்டது. உறவு என்ற இடத்தில் தங்கை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். இரண்டு கட்டங்களில் எதிலும் இன்னும் குறி போடவில்லை.